மழைக்கு இரண்டு முடிவுகள்

"இந்த வருசம் மாகாணப் போட்டியில ஏதாவது ஓர் எடம் வரணும் டீச்சர். வந்தா சங்கீதப் பாடம் இருக்கும். வராட்டி அந்த அறைய அஞ்சாந்தர ஸ்கொலஷிப் வகுப்புக்குக் குடுத்துருவேன். கடுமையாச் சொல்றேன்னா மன்னிச்சிருங்க."

அதிபர் இதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த சுற்றறிக்கையை என் பக்கமாக நகர்த்தினார். அவரைக் குறை சொல்ல என்னால் இயலவில்லை. ஐந்தாந்தரப் பிள்ளைகள் அப்போது விறாந்தையில் அமர்ந்து படித்தார்கள். சாரல் அடித்தால் கொப்பிகளை மடிக்குள் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். அவருக்கு வேண்டியது நான்கு சுவர் உள்ள ஓர் அறை. எனக்கு வேண்டியதும் அதே அறைதான். பத்தாந்தரத்தில் பத்துப் பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சைக்குச் சங்கீதத்தை எடுத்திருந்தார்கள். இடையில் பாடம் நின்றால், ஒரே வருடத்தில் வேறொரு பாடத்தை அவர்கள் முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்கு ஆசிரியரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை.

தெஹியோவிட்டைக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். தொண்ணூறுகளின் பிற்பகுதி, போர்க்காலம். நான் அங்கே போய் மூன்றாவது வருடம்.

சுற்றறிக்கையைப் பேருந்தில் படித்தேன். பல்லியம், விவரண இசை. பாட்டுக் கூடாது, பேச்சுக் கூடாது, வாத்தியங்களால் மட்டுமே ஒரு காட்சியைச் சித்திரிக்க வேண்டும். ஆறு நிமிடத்துக்கு மேற்படலாகாது. தலைப்பு: மழையின் வரவு.

தலைப்பைப் பார்த்ததும் எனக்கு மனம் இலேசாயிற்று. நான் பிறந்தது றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். மழையைப் பற்றி எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். வறட்சியில் காய்ந்து கறுத்த செடிகள் முதல் மழைக்குப் பிறகு பத்து நாளில் துளிர்விடும். படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, நனைந்தபடியே, அம்மாவும் சின்னம்மாமாரும் சிரித்துக்கொண்டு மலை ஏறுவார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு மழை. ஒரே வாரத்தில் எழுதி முடித்தேன். ஹார்மோனியத்தில் இடியின் முணுமுணுப்பு, புல்லாங்குழலில் காற்று, பிறகு இரண்டு வயலின்களிலும் அமிர்தவர்ஷினி. மிருதங்கம் மெல்லத் தொடங்கி மூன்றாங் காலத்தில் கொட்டி முடியும். தாளில் பார்த்தபோது நன்றாகவே இருந்தது.

முதல் முழு ஒத்திகையன்று மூன்றாவது நாளாக மழை. பள்ளி விடும் நேரத்தில், குடையோடும் ரெட்டுத் துணியோடும் தகப்பன்மார் எட்டுப் பத்துப் பேர் பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்தார்கள். வேலை நாளில் அத்தனை ஆண்கள் அந்த நேரத்தில் ஓய்வாக இருப்பது ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மண்டபத்தின் அரைச்சுவரில் சாய்ந்து நின்று, எங்கள் இசையை முழுவதும் கேட்டார்கள். முடிந்த பின் ஒருவரும் கை தட்டவில்லை.

ஒருவர் மட்டும் தொண்டையைச் செருமினார். எங்கள் குழுவில் சுளகில் ரப்பர் கொட்டைகளை உருட்டி மழைச் சத்தம் எழுப்பும் பெண்ணின் தகப்பன், பால்வெட்டுகிறவர்.

"டீச்சர், இது என்னா ராகமுங்க?"

"அமிர்தவர்ஷினி. மழைக்கு உரிய ராகம். வாசிச்சா மழை வரும்னு சொல்லுவாங்க."

"ஐயையோ!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதான் மூணு நாளா விடாம ஊத்துதா? புண்ணியமாப் போகும், நிப்பாட்டுங்க. மழைய நிக்க வைக்கிற ராகம் ஒன்னு இருந்தா வாசிங்க, தோட்டமே வந்து ஒங்க கால்ல விழும்."

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து இன்னொருவர், "டீச்சர் தேயிலப் பக்கமுங்க. அவங்களுக்கு மழைன்னா கொழுந்து. நமக்கு மழைன்னா இழுத்துப் போத்திக்கிட்டுப் படுக்கிறது" என்றார்.

நானும் சிரித்தேன். சுளகுக்காரி தன் தகப்பனைப் பார்க்காமல், சிதறிய கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. பால், வெட்டிய வழியே சிரட்டைக்கு இறங்காமல் மரம் முழுவதும் பரவி, மழையோடு கழுவிப் போய்விடும். வெட்டு இல்லையென்றால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது ஒரு நாள் வேலை இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல. மூன்று வருடமாக அந்த மரங்களுக்கு நடுவில் நடந்து போயிருக்கிறேன். தெரிந்த ஒன்று காதுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளின் கையில் தேயிலைத் தோட்டத்து மழையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் மறுபேச்சில்லாமல் வாசித்திருக்கிறார்கள்.

மறுநாள் மழை வெறித்திருந்த காலையில், ஆறு மணிக்கு முன்பே, தோட்டத்துப் பிரட்டுக்களத்துக்குப் போனேன். வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். தோட்ட அலுவலகமான கந்தோருக்கு முன்னால் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை அடித்தால் பிரட்டு, அன்றைக்கு வேலை உண்டு. அடிக்காவிட்டால் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பலாம். நாற்பது, ஐம்பது பேர் வாளியோடு நின்றிருந்தார்கள். கங்காணி மரத்துக்கு மரம் போனார். அவர் எங்கள் குழுவில் மிருதங்கம் வாசிப்பவளின் தகப்பன். பீடிக்கட்டின் தாளைக் கிழித்துப் பட்டையில் ஒட்டிப் பார்ப்பார். தாள் பிடித்துக்கொண்டால் மரம் இன்னும் ஈரம். விழுந்தால் வெட்டலாம். அவர் தாளிலிருந்து கையை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் பேச்சு நின்றது. இலைகளிலிருந்து சொட்டும் நீர், வாளிக் கைப்பிடி ஒன்று கிணுங்கும் ஓசை, யாரோ ஒருத்தியின் அடக்கிய இருமல். வேறு ஒன்றும் இல்லை. வானம் வெளுத்திருந்தது. மழை நின்றுவிட்டது. ஆனாலும் மழைதான் அங்கே நின்றிருந்தது.

அன்றைக்கு மணி அடிக்கவில்லை. என்னைக் கடந்து போன ஒரு பெண், "டீச்சருக்கும் இன்னிக்குப் பேரு இல்லயா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அமிர்தவர்ஷினியை எடுத்துவிட்டேன். புதிய இசை மழையில் தொடங்கவில்லை. மழை ஓய்வதில் தொடங்கியது. சுளகில் கொட்டைகள் மெல்ல அடங்கும். சிரட்டைகளில் நீர்ச்சொட்டு. ஒரு வயலின் சுபபந்துவராளியில் நான்கே சுரங்களைச் சுற்றிச்சுற்றி வரும். கங்காணி மரத்துக்கு மரம் போவதுபோல. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் சிறிது மௌனம். கடைசிச் சுற்றுக்குப் பின் முப்பத்திரண்டு அட்சரம், எவரும் அசையாத நீண்ட மௌனம்.

அதற்குப் பிறகு என்ன? அதில்தான் சண்டை வந்தது.

"மணி அடிக்கணும் டீச்சர்" என்றாள் சுளகுக்காரி. சாதாரணமாக வாய் திறக்காதவள். "அடிச்சதும் எல்லாரும் வாளியத் தூக்கிக்கிட்டு ஓடுற மாதிரி, மோகனத்துல வேகமா ஒன்னு வாசிச்சி முடிக்கலாம்."

"அது பொய்" என்றாள் மிருதங்கக்காரி. "மழைக்கு மறுநாளு எங்கப்பா எங்க மணி அடிக்கிறாரு? எனக்குத் தெரியாதா?"

"போட்டியிலயாவது அடிக்கட்டுமே. ஒனக்கு என்னா கஷ்டம்? ஒங்கப்பாவுக்கு மழையானாலும் வெயிலானாலும் பேரு விழும்."

"அடியே, அவரு அடிக்காத அன்னிக்கெல்லாம் வீட்ல வந்து யாருகிட்டயும் பேச மாட்டாரு. அது ஒனக்குத் தெரியுமா?"

நான் இரண்டு முடிவுகளையும் எழுதினேன். மணி அடிக்கும் முடிவில் மிருதங்கம் முதலில் நுழையும், அதைத் தொடர்ந்து மோகனம். அடிக்காத முடிவில், மௌனத்தின் பின் வாளிகளின் ஓசை ஒவ்வொன்றாகத் தேய்ந்து, வயலினின் மந்தர ஷட்ஜத்தில் நின்றுவிடும். ஒரு மாதம் இரண்டையும் பழகினோம்.

அந்த மாதத்தில் நான் நன்றாக உறங்கவில்லை. தலைப்பு மழையின் வரவு. நடுவர்கள் எதிர்பார்ப்பது மகிழ்ச்சி. சோர்ந்து முடியும் இசைக்கு இடம் கிடைக்காது என்று அனுபவம் சொன்னது. பத்துப் பிள்ளைகளின் பரீட்சையைப் பணயம் வைத்து உண்மை பேச எனக்கு என்ன உரிமை? பொய்யை வாசித்து அறையை மீட்டுக்கொண்டால், பிறகு அந்த அறைக்குள் நின்று எதைக் கற்பிப்பது? போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் அதிபரின் நிபந்தனையைப் பிள்ளைகளுக்குத் திறந்து சொன்னேன். அவர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. கை உயர்த்தச் சொன்னேன். ஏழு பேர் மணி வேண்டாம் என்றார்கள். மூன்று பேர் வேண்டும் என்றார்கள். மணி வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆனாலும் மேடையில் அது தொங்க வேண்டும், அடிக்கப்படாமல் தொங்குவதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்றாள் மிருதங்கக்காரி. அதன் பக்கத்தில் வழக்கம்போலச் சுளகுக்காரியே நிற்பாள்.

பள்ளிக்கூடத்து மணியும் பழைய ரயில் பாதையின் தண்டவாளத் துண்டுதான். அதைக் கழற்றித் தர அதிபர் சம்மதித்தார். "திங்கக்கெழம காலைல திரும்பித் தொங்கணும் டீச்சர். இல்லாட்டி புள்ளைங்க பாடவேளை முடிஞ்சதே தெரியாம ஒக்காந்திருக்கும்" என்றார். "அதுவும் நல்லதுதான்" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை முதல் பேருந்தில் இரத்தினபுரிக்குப் புறப்பட்டோம். அவிசாவளை தாண்டியதும் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நின்றோம். வயலின் பெட்டிகளைத் திறந்து பார்த்த இராணுவத்தினர் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கில் சுற்றிய இரும்பை இருவர் சேர்ந்து தூக்கி வைத்ததும் ஒருவன் பின்வாங்கினான்.

"மேக்க மொகத்த?"

இது என்ன என்கிறான். நான் பைக்குள் அதிபரின் கடிதத்தைத் தேடினேன். என் பின்னாலிருந்து சுளகுக்காரி தெளிவான சிங்களத்தில், "இஸ்கோலே சீனுவ, மஹத்தயா" என்றாள். பள்ளிக்கூட மணி.

பள்ளிக்கூட மணியை ஏன் சனிக்கிழமை சாக்கில் கட்டிக்கொண்டு இரத்தினபுரிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. அவள் போட்டியைப் பற்றிச் சொன்னாள், மழையைப் பற்றிச் சொன்னாள். அவன் நம்பவில்லை. மேலதிகாரி ஒருவர் வந்தார். எங்கள் பேருந்து எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. கடிதத்தை மூன்று முறை வாசித்த பின் அவர் கைகட்டி நின்று, "எஹெனங் கஹலா பென்னன்ன" என்றார். அப்படியானால் அடித்துக் காட்டு.

இரண்டு பேர் சாக்குக் கயிற்றில் தூக்கிப் பிடிக்க, அவள் அடித்தாள். வீதியின் இரு பக்கமும் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி சிரித்துவிட்டார். "சரி, யன்ன", போங்கள், என்று கையசைத்தார். அடுத்த பேருந்து வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மண்டபத்துக்குள் நாங்கள் ஓடி நுழைந்தபோது எங்களுக்கு முந்திய குழு மேடையில் இருந்தது. பட்டுப்பாவாடை அணிந்த பிள்ளைகள், புதிய வாத்தியங்கள், வாசித்தது அமிர்தவர்ஷினி. நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. கைதட்டல் ஓயவில்லை. சுருதி சேர்க்க நேரமில்லாமல் எங்கள் பிள்ளைகள் மேடையேறினார்கள். மேடையின் ஓரத் தூணில் மணியைக் கட்டும்போது கயிறு ஒருமுறை நழுவியது. மூன்று நடுவர்கள். நடுவில் கண்ணாடி அணிந்த முதிய அம்மையார், திறந்த பேனாவோடு.

நான் மேடைக்குக் கீழே, பக்கவாட்டில் நின்றேன். கொட்டைகள் அடங்கின. சொட்டு விழுந்தது. வயலின் நான்கு சுரங்களைச் சுற்றி வந்தது. கடைசிச் சுற்று முடிந்து மௌனம் தொடங்கியது. மனத்துக்குள் அட்சரங்களை எண்ணினேன். ஒன்பது, பத்து. பின்வரிசையில் யாரோ கை தட்டினார். இசை முடிந்துவிட்டதென்று நினைத்திருக்க வேண்டும். இன்னும் சிலர் தட்டினார்கள். பதினான்கு, பதினைந்து. நடுவிலிருந்த அம்மையார் பேனாவை மூடி மேசையில் வைத்தார். மூடியின் 'டிக்' ஓசை எனக்குக் கேட்டது. மணிக்குப் பக்கத்தில் நின்ற சுளகுக்காரிக்கும் கேட்டிருக்கும். அவள் கண் அந்தக் கையின் மேல்தான் இருந்தது.

அவள் மணியை அடித்தாள்.

கைதட்டல் வெட்டுண்டதுபோல் நின்றது. மற்ற ஒன்பது பிள்ளைகளும் அவளைப் பார்த்தார்கள். பிறகு எட்டுப் பேர் மிருதங்கக்காரியைப் பார்த்தார்கள். அவள் நுழையாவிட்டால் எவரும் நுழைய முடியாது. அவள் கைகள் தோலின் மேல், ஆனால் அசையவில்லை. ஒன்று. இரண்டு. சுளகுக்காரியைச் சுட்டுவிடுவதுபோல் பார்த்தாள். மூன்று. எனக்குச் சத்தமிட வேண்டும்போல் இருந்தது. எதைச் சொல்லிச் சத்தமிடுவது என்று தெரியவில்லை. நான்காவதில் அவள் கை விழுந்தது. மோகனம் எழுந்தது. பழகியபோது ஒருநாளும் வராத வேகத்தில் வாசித்து முடித்தார்கள்.

இரண்டாமிடம் கிடைத்தது. பட்டுப்பாவாடைப் பிள்ளைகளுக்கு முதலிடம். எங்கள் பெயரை வாசித்தபோது பிள்ளைகள் கத்தியதில், மிச்சத்தை நான் கேட்கவில்லை.

திரும்பும் பேருந்தில் சுளகுக்காரியும் மிருதங்கக்காரியும் எனக்கு முன்னிருக்கையில், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். பேருந்து குருவிட்டையைத் தாண்டியது.

"கைதூக்கித் தீர்மானிச்சது எதுக்கு?" என்றாள் மிருதங்கக்காரி கடைசியில்.

"அந்த அம்மா பேனாவ மூடிட்டாங்க. நீ பாக்கல. நாம முடிச்சிட்டோம்னு நெனச்சிட்டாங்க."

"அதுக்கு? பொய்யச் சொல்லிருவியா?"

"மழைக்கு மறுநாளும் வருசத்துக்கு ரெண்டு தடவையாவது அடிக்கத்தானே செய்றாரு ஒங்கப்பா. அதுல ஒரு நாளுன்னு வச்சிக்க." சிறிது நேரம் கழித்து, "ஒனக்குப் புடிக்கலன்னா நீ வாசிக்காம இருந்திருக்கலாமே" என்றாள்.

"மணி அடிச்ச பெறகு எப்புடிடி போகாம இருக்கிறது? லூசா நீ?"

சுளகுக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவள் சிரிக்கவில்லை. ஆனால் மடியிலிருந்த பொரிவிளாங்காய்ப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து நடுவர்களின் குறிப்புத்தாள் வந்தது. அதிபர் என்னைக் கந்தோருக்கு அழைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசித்துக் காட்டினார். ஒரு நடுவர் தாளம் பற்றியும், மற்றவர் சுருதி பற்றியும் எழுதியிருந்தார்கள். நடுவிலிருந்த அம்மையாரின் கையெழுத்து சிறியது, நேரானது. "மௌனப் பகுதிதான் இன்று நான் கேட்டவற்றில் மிகச் சிறந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டேன். மணி அவசரப்பட்டு ஒலித்து அதைக் கலைத்துவிட்டது. காத்திருந்திருந்தால் முதலிடம் தந்திருப்பேன்."

அதிபர் தாளைக் கீழே வைத்தார். வெளியே ஐந்தாந்தரப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக மண்டபத்தின் ஒரு மூலையைப் பலகையால் அடைத்துக்கொடுக்கப் பெற்றோர் சங்கம் ஒத்துக்கொண்டிருந்தது.

"முதலாமிடமே வந்திருக்கும் போலயே டீச்சர். மணிய அவசரப்பட்டு அடிக்கச் சொன்னது யாரு?"

அந்தத் தாளைச் சுளகுக்காரிக்குக் காட்டுவதில்லை என்று முடிவெடுக்க எனக்கு நெடுநேரம் ஆகவில்லை. பரீட்சைக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. பத்துப் பேரும் எழுதப் போகிறார்கள்.

"நான்தான் சேர்" என்றேன்.

அவர் குறிப்புத்தாளைக் கோப்பின் அடியில் செருகிவிட்டு, அடுத்த தவணைக்கான நேரசூசியை எடுத்து, சங்கீதத்துக்கு எந்தெந்த நாள் வேண்டும் என்று கேட்டார்.